பொது வழிக்கு வழக்காடிய பெரியார்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்

பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களின் எல்லை விந்தையானது. ஓர் ஊர் புதுவையைச் சேர்ந்தது; வாய்க்காலைத் தாண்டிய அடுத்த ஊர் கடலூரையோ விழுப்புரத்தையோ சார்ந்தது; அதற்கு அப்பால் மீண்டும் புதுவை ஊர். பிரெஞ்சுக்காரர் இங்கும் ஆங்கிலேயர் அங்கும் ஆண்ட காலத்தில், நம் முன்னோர் கூலிக்கும் சந்தைக்கும் நடந்த ஒரே பாதை, காலை வேளைக்குள் இரண்டு மூன்று முறை அரசு மாறிய பாதையாக இருந்தது. 1925 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுத் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம் என்பது அதன் சாரம். அவ்வறிவிப்பு வாய்க்காலுக்கு அப்பால் செல்லும், இப்பால் செல்லாது. பாதை ஒன்று, நடப்பவன் ஒருவன், உரிமை மட்டும் இரண்டு.

அவ்வறிவிப்புக்குக் காரணமான தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற தமிழர் என்ற அளவில் நம் இளைஞர் அன்னாரை அறிவர். அவர் சட்டத்துக்குச் செய்தது என்ன என்று கேட்டால் விடை வருவதில்லை. கல்வி வளர்ச்சிக்கென்றே கண்ட நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அதனை விரித்துரைப்பது பொருத்தமென்று கருதுகிறோம்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7 ஆம் நாள் அவர் பிறந்தார். 1859 என்று கொள்வோரும் உளர். இரட்டைமலை என்பது தந்தையார் பெயர். கோவையில் அரசினர் கல்லூரியில் பயின்றார். ஏறத்தாழ நானூறு மாணாக்கர் இருந்த அக்கல்விக் கூடத்தில் பத்துப் பேர் தவிர மற்றையோர் அனைவரும் பார்ப்பனர். தம் குலம் இன்னதென்று பிறர் அறிந்தால் இழிவு நேருமோ என்று அஞ்சி, அவர் உடன் பயில்வோரோடு விளையாடுவதையும் தவிர்த்தார். மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே உள்ளே செல்வார். மாலையில் பிறர் தம்மைச் சேர்ந்துகொள்ளாதபடி விரைந்து நடந்து வீடு திரும்புவார். இதனை அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதி வைத்துள்ளார். பள்ளிக் கூடத்துக்குப் போகும் தெருவே ஒரு சிறுவனுக்குப் பகையாகத் தோன்றிய அந்நாட்களை, பின்னாளில் அவர் எந்த உரிமையை முதலாகக் கேட்டார் என்பதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

படிப்பு முடிந்து நீலகிரியில் ஆங்கில நிறுவனங்களில் கணக்கராகச் சுமார் பத்தாண்டு பணிபுரிந்தார். அயோத்திதாசப் பண்டிதர் அவருடைய தமக்கையின் கணவர். உறவு நெருக்கமாயினும் கொள்கையில் இருவரும் இரு வழி நின்றனர். பண்டிதர் நம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்றார். பறையர் என்னும் பெயரையே விலக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சீனிவாசனாரோ, பெயரை மறைத்தால் அப்பெயரால் வரும் இழிவு மறையாது, அதனைத் தாங்கி நின்றே உரிமை கேட்க வேண்டும் என்றார். 1890 இல் சென்னைக்கு வந்தவர், பறையர் மகாஜன சபையை அமைத்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். கல்லூரியில் குலத்தை மறைத்துத் திரிந்த மாணவர், பத்தே ரூபாய் கைப்பொருளுடன் அக்குலப் பெயரை முகப்பில் அச்சிட்டு விற்க வந்தார். நான்கு பக்கத்தில் மாத இதழாகத் தொடங்கி, சில திங்களில் வார இதழாகி, 1900 வரை அது நடந்தது. இவ்விருவருள் யார் கூறியது சரி என்பதில் இன்றும் நம்மவரிடையே வாதம் உண்டு. நம் கருத்து யாதெனில், இவ்வாதத்தில் தோற்றவர் எவரும் இலர்.

அந்நாளில் சட்டம் நம் மக்களுக்கு எவ்வாறு இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1816 ஆம் ஆண்டின் சென்னை 11 ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவருக்குச் சிறு குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் அளித்தது. குற்றவாளி பிற சாதியராயின் சாவடியில் சில மணி நேரம் காவலில் வைக்கலாம். தாழ்ந்த சாதியராயின் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம் என்று அதன் 10 ஆம் பிரிவு கூறியது. காலைத் துளைக் கட்டையில் மாட்டி ஊர் நடுவே இருத்துவதே தொழுமரத் தண்டனை. குற்றம் ஒன்றாக இருக்க, தண்டனை மட்டும் குலத்துக்கொன்றாக வகுத்தது ஏதோ ஊர்க் கட்டுப்பாடு அன்று. அரசாங்கம் அச்சிட்ட சட்டம். சாதி, சட்டத்துக்கு வெளியே இருந்த ஒரு பழக்கம் என்று கூறுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

அவர் பிறந்த செங்கற்பட்டு மாவட்டத்திலேயே கலெக்டராக இருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர் 1891 இல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையின் பயனாக, 1892 இல் நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவது அதுவே. அதுவும் வாய்க்காலுக்கு அப்பால்தான்.

1893 இறுதியில் ஒரு சோதனை வந்தது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். இங்குத் தேர்வு நடந்தால் படிப்பு வாய்த்த ஒரு சாதியாரே எல்லாப் பதவியும் பெறுவர், நம் மக்கள் அவர்தம் ஆட்சியின்கீழ் மேலும் நசுங்குவர் என்று சீனிவாசனார் கருதினார். திசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, 3412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பம் ஒன்றைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அவரை நாட்டுப் பற்றில்லாதவர் என்று தூற்றியோர் அன்றும் இருந்தனர், பின்னரும் இருந்தனர். பள்ளிக்கூட வாயிலில் மணி அடிக்கும் வரை காத்து நின்றவனுக்குத் தேர்வு எங்கே நடக்கிறது என்பது இரண்டாம் கேள்வி. தேர்வுக்கு யார் போக முடியும் என்பதே முதற் கேள்வி. அந்த 112 அடிக் காகிதத்தில், எழுத்தறியாத எத்தனை கைகள் கோடும் குறியும் இட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

பத்திரிகை ஆசிரியராக அவர் நீதிமன்றம் ஏறவும் நேர்ந்தது. வெளியிட்ட ஒரு கடிதத்தின் பொருட்டு வழக்குத் தொடரப்பெற்று, நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. தீர்ப்பைக் கேட்க வந்த எளிய மக்கள் பணமுடிப்போடு காத்திருந்து அத்தொகையைக் கட்டினர். நூறு ரூபாய் என்பது அந்நாளில் கூலிக் குடும்பத்துக்கு எட்டாத செல்வம்.

1900 இல் இலண்டன் செல்லும் எண்ணத்துடன் கப்பலேறியவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கி, பின் தென்னாப்பிரிக்கா சேர்ந்து, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். காந்தியடிகளுக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்தவர் இவரே என்பர். அதனினும் நமக்கு முக்கியமாகத் தோன்றுவது அவர் அமர்ந்த அந்த இடம். ஒப்பந்தக் கூலியாகச் சென்ற தமிழன் கூண்டில் நின்று சொல்வதை நீதிபதியின் மொழியில் மாற்றிச் சொல்வதும், நீதிபதி சொல்வதைக் கூலியின் மொழியில் சொல்வதுமே அவ்வேலை. சட்டத்தில் ஒரு சொல் இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாள்தோறும் காதால் கேட்டவர் அவர். இருபதாண்டு கழித்துத் தாயகம் திரும்பியபோது அவருக்கு வயது அறுபது. பிறர் ஓய்வு பெறும் வயதில் அவர்தம் பெரும்பணி தொடங்கிற்று.

இதற்கிடையே நாட்டில் பல மாறியிருந்தன. எம்.சி. இராஜா அவர்கள் சட்டசபையில் வாதாடி, 1922 இல் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கச் செய்திருந்தார். 1923 இல் சீனிவாசனார் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், நியமனம் பெற்றவர் என்பதைக் குறையாகக் கூறுவோர்க்கு, அந்நாளில் வாக்குரிமை சொத்துள்ளோர்க்கே இருந்தது என்பதே விடை.

1924 ஆம் ஆண்டு பாதைகளின் ஆண்டு எனலாம். மார்ச்சு இறுதியில் திருவாங்கூர் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்காகக் கிளர்ச்சி தொடங்கிற்று. நவம்பரில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் தேர்த் திருவிழாவின்போது நுழைந்த ஈழவர் தாக்கப்பட்டனர். இவ்விரண்டுக்கும் நடுவே, ஆகஸ்டு 22 ஆம் நாள், சீனிவாசனார் தம் தீர்மானத்தைச் சட்டசபையில் முன்வைத்து நிறைவேற்றினார்.

பொதுச் சாலை எல்லார்க்கும் உரியதென்று நீதிமன்றங்கள் முன்பே கூறவில்லையா என்று சட்டம் கற்றோர் கேட்கலாம். கூறியிருந்தன. சாலையில் ஊர்வலம் செல்லும் உரிமை எல்லா வகுப்பார்க்கும் உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் 1880களிலேயே தீர்ப்பளித்தது. ஆயின் தீர்ப்பு என்பது வழக்காடியவனுக்குக் கிடைப்பது. நாட்கூலி வாங்குபவன், தன் நிலக்கிழாருக்கு எதிராக, ஒரு தெருவில் நடப்பதற்காக, மாவட்ட நீதிமன்றத்திலும் உயர்நீதிமன்றத்திலும் வழக்காடுவது எங்ஙனம்? வழக்குப் போட்டாலும், இது பொதுத் தெரு அன்று, எங்கள் சாதிக்கே உரிய தனித் தெரு என்று எதிர்வாதம் வரும். மாஜிஸ்திரேட்டோ அமைதி குலையும் என்று கூறி, நடக்க வந்தவனையே தடுப்பார். இம்மூன்று முடிச்சையும் அவிழ்க்க வேண்டுமாயின், ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியே வழக்காடாமல், அரசாங்கத்தையே ஒரு சொல் சொல்ல வைக்க வேண்டும் என்று அவர் கண்டார்.

அத்தீர்மானம் இரு பகுதி உடையது. நகரமோ கிராமமோ, எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடைபாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடப்பதற்கு ஆட்சேபம் இல்லை என்பது ஒன்று. பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், மக்கள் கூடும் இடம், பொது அலுவல் நடைபெறும் கட்டடம் ஆகியவற்றுக்குச் சாதி இந்துக்கள் எந்த அளவில் எந்த நிபந்தனையோடு செல்கின்றனரோ, அதே அளவில் ஒடுக்கப்பட்டோரும் செல்வதற்கு ஆட்சேபம் இல்லை என்பது மற்றொன்று. அரசு இதனை ஏற்று உள்ளாட்சி மன்றங்களுக்கு அனுப்பியது; 1925 பிப்ரவரியில் அரசிதழிலும் வெளியிட்டது.

இதன் சொல்லமைப்பை ஊன்றி நோக்க வேண்டும். ஆட்சேபம் இல்லை என்கிறதேயன்றி, தடுப்பவன் குற்றவாளி என்று கூறவில்லை. வாயிலில் நின்று தடுப்பவனிடம் அரசிதழைக் காட்டினால் அவன் சிரிப்பான். அவனைச் சிறைக்கு அனுப்ப அத்தாளில் எழுத்தொன்றும் இல்லை. உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தித் தடுப்போர்க்குத் தண்டனை விதிக்க வேண்டும் என்று கோவை ஆர். வீரையன் முதலானோர் பின்னர்ச் சட்டசபையில் போராட வேண்டியிருந்ததும் இதனாலேயே. ஆயினும் முதற் படி இல்லாமல் இரண்டாம் படி இல்லை. இது பொதுத் தெருவா என்ற வாதத்தை விட்டு, பொதுத் தெருவாயின் எவரும் நடக்கலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டாயிற்று.

இரண்டாம் படியை அவர் 1930 இல் இலண்டனில் எடுத்து வைத்தார். வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் அழைக்கப்பட்டவர் இருவரே: பம்பாயிலிருந்து டாக்டர் அம்பேத்கர், சென்னையிலிருந்து இவர். அம்பேத்கருக்கு அப்போது வயது 39, இவருக்கு எழுபது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்னவென்று கேட்க, தெருவில் விழுந்து கிடக்கும் தாழ்த்தப்பட்டவனை மேற்சாதியார் எவரும் தொட்டுத் தூக்கமாட்டார் என்று அவர் விளக்கியதும், மன்னர் திடுக்குற்றதும் பலரும் சொல்லக் கேட்டதே. அக்கதையை நம்மவர் விழா மேடைதோறும் கூறுகின்றனர். அம்மாநாட்டில் அவர் கையொப்பமிட்டுக் கொடுத்த பத்திரத்தைப் பற்றி எவரும் கூறுவதில்லை. கதையைவிட அப்பத்திரமே பெரிது என்பது நம் துணிபு.

அம்பேத்கரும் சீனிவாசனாரும் சிறுபான்மையோர் துணைக்குழுவிடம் அளித்த அப்பத்திரம், வருங்கால இந்திய அரசியலமைப்பில் ஒடுக்கப்பட்டோர்க்கு வேண்டும் காப்புகளை நிபந்தனை நிபந்தனையாக வரிசைப்படுத்துகிறது. முதலாவது, சம குடியுரிமை. இரண்டாவது, அவ்வுரிமையைத் தடையின்றி நுகர்தல். இவ்விரண்டாம் நிபந்தனையில்தான் அதன் உயிர்நிலை இருக்கிறது. கல்விக் கூடம், சாலை, பாதை, தெரு, குளம், கிணறு முதலியவற்றை ஒருவன் பயன்படுத்துவதைத் தீண்டாமை காரணமாக மறுப்பவனுக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்க வேண்டும் என்கிறது அது. இன்னும் ஒரு படி மேலே சென்று, ஊர் விலக்கையும் குற்றமாக்கக் கேட்கிறது. வேலை கொடுக்காதே, கடையில் பண்டம் விற்காதே, நிலத்தைக் குத்தகைக்கு விடாதே என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு செய்வது, அடித்து விரட்டுவதினும் கொடிது என்பதை இருவரும் அறிந்திருந்தனர். பர்மாவில் 1922 இல் இயற்றப்பட்ட விலக்கெதிர்ப்புச் சட்டத்தை அதற்கு மாதிரியாகக் காட்டினர்.

ஆட்சேபம் இல்லை என்ற 1924 ஆம் ஆண்டுத் தாளுக்கும், குற்றம் என்ற 1930 ஆம் ஆண்டுத் தாளுக்கும் இடையே ஆறாண்டு தூரமே. இரண்டிலும் ஒரே மனிதர் கை இருக்கிறது.

1932 செப்டம்பர் 24 இல் பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையொப்பமிட்டார். அம்பேத்கர் மதமாற்றம் அறிவித்தபோது, நாம் இந்துக்களே அல்லோம், ஆதலின் மாறுவதற்கு ஒன்றுமில்லை என்று மாறுபட்டார். மது ஒழிப்பிலும் ஈடுபட்டார். விழா நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் சாராயக் கடைகளை மூட வேண்டும் என்று 1929 இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்ற பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெள்ளையர் தந்த பட்டங்களை விரும்பியவர் என்று இன்று சிலர் முகஞ்சுளிக்கலாம். பறையன் என்ற பெயருக்கு முன்னால் அரசாங்கம் ஒரு மரியாதைச் சொல்லைப் போட நேர்ந்ததே என்று அன்று நம்மவர் மகிழ்ந்தனர். அதில் நாம் குறை காணவில்லை.

இனி வாய்க்காலின் இப்பக்கத்துக்கு வருவோம். பிரெஞ்சு ஆட்சி சமத்துவம் பேசிய ஆட்சி. ஆயினும் இந்தியரை அவரவர் சாதி வழக்கப்படியே நியாயம் தீர்க்க வேண்டும் என்று 1819 ஆம் ஆண்டு சனவரி ஆணை விதித்தது. அதாவது வழக்கமே சட்டம். வழக்கமோ நம்மை வெளியே நிறுத்தியது. 1873 இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து புதுவை நீதிமன்றம் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். விடாது பாரிசு மாநகரின் மேல் நீதிமன்றம் வரை சென்று வென்றார். பின்னர் 1881 செப்டம்பர் 21 ஆம் நாள் ஆணையின்படி, தம் குல வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்போர்க்கு வழி திறந்தது. பொன்னுத்தம்பி அவ்வாறு துறந்து, வாயில் எனப் பொருள்படும் லப்போர்த் என்ற குடும்பப் பெயர் பூண்டார். ரெனோன்சான்கள் எனப்படும் அவ்வகையினருள் கிறித்தவரும் நம் மக்களும் பலர். ஆனால் 1884 இல் வாக்காளரை ஐரோப்பியர், ரெனோன்சான், ஏனையோர் என மூன்று பட்டியலாகப் பிரித்துவிட்டனர். திறந்த வாயிலுக்குள்ளே இன்னொரு சுவர்.

பொன்னுத்தம்பியார் நம்மவர் அல்லர். அவர் துணிவைப் போற்றுவதில் அது தடையும் அன்று. ஆயினும் இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டும். இங்கே உரிமை வேண்டுவோன் தனித்தனியே பதிவலுவலர் முன் சென்று, தன் வழக்கத்தைத் துறந்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே சீனிவசனார் கேட்டதோ, எவனும் எதையும் துறவாமல், பறையன் பறையனாகவே நடந்து போகும் உரிமை. தன் பத்திரிகைக்கு அப்பெயரிட்டவர் வேறு எதைக் கேட்டிருப்பார்?

கீழூரில் 1954 அக்டோபர் 18 ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததும், நவம்பர் 1 இல் நிருவாகம் கைமாறியதும், 1962 ஆகஸ்டு 16 இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியதும் வில்லியனூர்ப் பகுதியார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அன்றுதான் வாய்க்காலின் இரு பக்கமும் ஒரே சட்டத்தின்கீழ் வந்தன. அரசியலமைப்பின் 15 ஆம் உறுப்பின் இரண்டாம் பகுதி கடை, கிணறு, குளம், சாலை ஆகியவற்றைச் சாதி காரணமாக மறுக்கலாகாது என்கிறது. 17 ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து, அதனைக் கடைப்பிடிப்பது குற்றம் என்கிறது. 1955 ஆம் ஆண்டுச் சட்டம், 1976 இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகப் பெயர் மாறியது. தாழ்த்தப்பட்டவர் ஒருவருக்கு எதிராக இவ்வகைச் செயல் நடந்தால், அது தீண்டாமையின் பொருட்டே நடந்தது என்று நீதிமன்றம் முதலில் கொள்ளும். அன்று என்று மெய்ப்பிப்பது எதிரியின் பொறுப்பு என்பது அச்சட்டத்தின் 12 ஆம் பிரிவு. இதனை நம் பெற்றோர் பலர் அறியார்.

கருநாடகத்தில் புதிதாகத் தோண்டிய ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்த நம் மக்களைத் துப்பாக்கி காட்டி மிரட்டிய ஆப்பா பாலு இங்களே என்பார் வழக்கில், உயர்நீதிமன்றம் விடுதலை செய்தபோதிலும், உச்சநீதிமன்றம் 1992 இல் அத்தீர்ப்பை மாற்றித் தண்டனையை நிலைநாட்டிற்று. 1924 ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் பொதுக் கிணறு என்று எழுதப்பட்டு 68 ஆண்டு கழிந்திருந்தன.

1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மேலும் கூர்மையானது. 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொதுச் சாலை, பாதை, நீர்நிலை, இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக வெளிப்படையாகக் கூறுகிறது. பொது இடத்தில் காலணி அணிவதையும், புத்தாடை உடுத்துவதையும், மிதிவண்டி ஏறிச் செல்வதையும், திருமண ஊர்வலம் போவதையும் தடுப்பதும் அவ்வாறே. சமூக, பொருளாதார விலக்கும் குற்றம். தண்டனை ஆறு திங்களுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை. இலண்டனில் முதியவரும் இளையவரும் கையொப்பமிட்ட தாளை எடுத்து இதனருகே வைத்துப் பாருங்கள்: அதே சாலை, அதே கிணறு, அதே விலக்கு, அதே ஐந்தாண்டு. காலணியை மட்டும் நம் புதுவை நீதிமன்றத்திலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

2018 மார்ச்சில் இச்சட்டத்தின்கீழ்க் கைது செய்வதற்கு முன் விசாரணையும் அனுமதியும் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் விதித்தபோது நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. அவ்வாண்டே பாராளுமன்றம் 18-அ பிரிவைச் சேர்த்து அதனை மாற்றியது. 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்றது. தீர்ப்பு ஒரு முறை வருவதோடு உரிமை உறங்கிவிடுவதில்லை என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறோம். பாதைத் தகராறு நேரும் ஊரில் முதற்கண் செய்ய வேண்டியது, அப்பாதை நில அளவைப் பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பது. பொதுப் பாதையா, தனியார் நிலமா என்ற அந்தப் பழைய எதிர்வாதம் இன்றும் சாகவில்லை. புகாரை எழுத்தில் கொடுத்து, பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறுவது உரிமை. கடமை தவறும் அரசு ஊழியருக்கும் இச்சட்டத்தின் 4 ஆம் பிரிவில் தண்டனை உண்டு. நாமும் அரசு ஊழியரே என்பதை நினைந்தே இதனை எழுதுகிறோம்.

இவற்றுள் எதனையும் காணச் சீனிவாசனார் இருந்தாரல்லர். 1945 செப்டம்பர் 18 ஆம் நாள் சென்னையில் காலமானார். தீண்டாமை ஒழிப்பு உறுப்பை அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 29 இல் ஏற்றுக்கொண்டபோது அவர் மறைந்து மூன்றாண்டு கடந்திருந்தது. 2000 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் உடல் சென்னை ஓட்டேரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடத்தை மக்கள் உரிமைக் களம் என்று அழைக்கின்றனர்.